வெள்ளைக்கொடி ஏந்திய ஆயன்

ஆயுதம் தாங்கிப் படையை நடத்துபவனை வீரன் என்கிறோம். ஆயுதமின்றி, எறிகணைகளுக்கு நடுவே மக்களை நடத்திய குருவானவர் ஒருவரை இன்று நினைவுகூர்வோம்.

2006 ஆகஸ்ட் 13. யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில், போருக்கு அஞ்சிய மக்கள் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தனர். எறிகணைகள் ஆலயத்தையும் விட்டுவைக்கவில்லை. பலர் மாண்டனர். பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் தம் உயிரைத் தேடி ஓடவில்லை. எஞ்சியோரை ஒன்றுசேர்த்து, வெள்ளைக்கொடியுடன் ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் சென்றார்.

அதோடு அவர் பணி முடிந்ததாக எண்ணவில்லை. ஆகஸ்ட் 20 அன்று மீண்டும் அல்லைப்பிட்டிக்குச் சென்றார். துணையாக ஒருவரும் சென்றார். இருவரும் காணாமற்போயினர். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு இன்றுவரை விடையில்லை.

யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் நல்லாயனையும் கூலியாளையும் காண்கிறோம். அமைதிக் காலத்தில் இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவர். ஆபத்தே அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது. பெற்றோராக, ஆசிரியராக, தலைவராக நம்மை நம்பியிருப்போர் உண்டு. இடர் வரும்போது நாம் முதலில் காப்பது அவர்களையா, நம்மையா?

செபம்: ஆண்டவரே, அஞ்சாத அன்பை எங்களுக்குத் தாரும். காணாமற்போனோருக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு உண்மையையும் ஆறுதலையும் அருளும். ஆமென்.