இதயத்துக்குக் கணக்கு எழுதிய எக்ஸெல்

"கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பிள்ளைகள் கேம் ஆடுகிறார்கள். எங்களுக்கு இதனால் என்ன பயன்?" என்று கேட்கும் வாசகர்கள் பலர். 2022 வரை நானும் அப்படிக் கேட்டவன்தான். அந்த ஆண்டு ஜூன் மாதம் என் இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தினார்கள். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச் சென்ற பாதிப்பு அது.

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் உலோக வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக் கொள்ளக்கூடும் என்பதால், ஆயுள் முழுக்க ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை சாப்பிட வேண்டும். எனக்குத் தந்தது வார்ஃபரின். இது 1948ல் அமெரிக்காவில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954ல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது என்பதை நெட்டில் தேடிப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருந்து சரியாக வேலை செய்கிறதா என்பதை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை சொல்லும். மருந்து சாப்பிடாதவருக்கு இது 1 அளவில் இருக்கும். எனக்கு டாக்டர் வைத்த எல்லை 2.5 முதல் 3.5 வரை. குறைந்தால் ரத்தக்கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. இரண்டுமே ஆபத்து.

ஆகஸ்ட் 10 காலை பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து வழிந்த ரத்தம் நிற்கவே இல்லை. ஐ.என்.ஆர். 6.8! நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினேன். அதன்பின் மாத்திரையைக் கையில் எடுத்தாலே நடுக்கம். சாப்பிட்டாலும் பயம், சாப்பிடாவிட்டாலும் பயம்.

பரிசோதனைக்குக் காத்திருந்த இடத்தில் குளச்சல் தம்பி ஒருவர் அறிமுகமானார். வால்வு மாற்றிக் கொண்ட நாலைந்து பேர் ஞாயிறுதோறும் கூகுள் மீட்டில் பேசுவதாகச் சொல்லி, லிங்க் அனுப்பினார். ஜிமெயில் கணக்கும் வெப் கேமராவும் இருந்தால் போதும். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவச அழைப்பு 60 நிமிடத்தில் நின்றுவிடும். எங்களுக்கு அது தாராளம். மொபைலைவிடக் கம்ப்யூட்டரில் முகங்கள் பெரிதாகத் தெரிகின்றன. பயந்து போனவனுக்கு அது முக்கியம்.

அவர்களில் இருவருக்கு இருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. முதலில் செய்த மாதிரிகள் தோற்றுப் போயின. கடைசியில் வென்றது பிளாஸ்டிக் வகை வட்டத்தகடு கொண்ட வால்வு. இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாகிவிட்டது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இன்றும் பெரிய வைத்தியம் என்றால் ரயிலேறித் திருவனந்தபுரம்தான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். என் கதையைக் கேட்டதும், இருபது வருடமாக வால்வோடு வாழும் மார்த்தாண்டத்து அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த வாரம் வேற மாத்திரை ஏதும் போட்டியளா?"

எனக்கு நினைவில்லை. "அப்ப எழுதிப் பாருங்கோ" என்றார்.

எக்ஸெலில் புதிய ஷீட் திறந்தேன். தேதி, மாத்திரை அளவு, ஐ.என்.ஆர். என மூன்று நெடுவரிசைகள். நான்காவதாக அக்கா சொன்ன 'இதர'. பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து நிரப்பினேன். வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் நானாகக் கேட்டு வாங்கிய மெட்ரோனிடசோல் ரசீதும் அகப்பட்டது. தேதி ஆகஸ்ட் 4. வரிசைப்படுத்தச் சொன்னால், அது எல்லாவற்றுக்கும் மேலே, ஜூலை மாதப் பரிசோதனைகளுக்கும் முன்னால் போய் உட்கார்ந்தது. ஜூலை 19 என்னடாவென்றால் கடைசியில் கிடந்தது!

காரணம் விண்டோஸ். புதுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அமெரிக்கத் தேதி முறை இருக்கும். அதாவது முதலில் மாதம், பிறகு நாள். நான் அடித்த 4/8/2022 அதற்கு ஏப்ரல் 8. பத்தொன்பதாவது மாதம் கிடையாதே, அதனால் 19/7/2022 அதற்கு வெறும் எழுத்து. கட்டத்தில் தேதி வலப்பக்கம் ஒட்டி நின்றால் எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்றுக் கொண்டது, இடப்பக்கம் நின்றால் ஏற்கவில்லை என்று பொருள். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் சென்று, ரீஜனல் ஃபார்மேட்டை இங்கிலீஷ் (இந்தியா) என மாற்றுங்கள். ஏற்கெனவே தவறாகப் பதிவானவை தாமாகத் திருந்தாது. திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

அடித்து முடித்து மீண்டும் வரிசைப்படுத்தினேன். ஆகஸ்ட் 4 மெட்ரோனிடசோல். அடுத்த வரி ஆகஸ்ட் 10, 6.8.

பிரிண்ட் எடுத்துக் கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அந்த மருந்து, வார்ஃபரினைக் கல்லீரல் கரைப்பதைத் தடுக்கும். அதனால் அதே அளவு வார்ஃபரின் உடம்பில் கூடுதலாக வேலை செய்யும் என்று விளக்கினார். குற்றவாளி வால்வு அல்ல, நான்தான். நடுக்கம் அன்றே பாதி குறைந்தது. காரணம் தெரியாத பயம்தான் ஆளைத் தின்கிறது.

இப்போது 3.5க்கு மேல் போனால் கட்டம் சிவப்பாகும்படி செய்திருக்கிறேன். ஐ.என்.ஆர். வரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று போய் 3.5 என டைப் செய்யுங்கள். 2.5க்குக் கீழே போவதைக் காட்ட லெஸ் தேன். ஃபைலைப் பென் டிரைவிலும் ஒரு நகல் வையுங்கள். ஆனால் சிவப்பு வந்ததைப் பார்த்து நாமே மாத்திரையைக் கூட்டிக் குறைக்கக் கூடாது, டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். எங்கள் ஞாயிறு அரட்டையிலும் ஒருவர் இன்னொருவருக்கு மாத்திரை அளவு சொல்வது தடை.

கீரை விஷயத்தில் மட்டும் சண்டை நடக்கும். கீரையிலுள்ள வைட்டமின் கே, ஐ.என்.ஆரைக் குறைக்கும் என்பதால் குளச்சல் தம்பி கீரையைத் தொடுவதே இல்லை. அக்காவுக்கு அது பொறுக்காது. "தினமும் ஒரே அளவா தின்னா டாக்டர் மாத்திரையை அதுக்குத் தக்கன வெப்பாரு" என்பார். என் டாக்டர் அக்கா கட்சி.

போன வாரம் எடுத்த பரிசோதனை 2.9. இதர நெடுவரிசையில்: முருங்கைக்கீரைத் துவரன், வழக்கமான அளவு.