கைமாத்து வாங்கும் சந்தனம்

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாடு, சந்தனத்துக்குப் பேர்போன பக்கம். சந்தனத்துக்கு எங்கேயும் ரெண்டு எதிரி. ஒண்ணு, திருடன் கை ரம்பம். இன்னொண்ணு, 1899-ல் குடகில் தென்பட்ட ‘ஸ்பைக்’ நோய். சாறு உறிஞ்சும் பூச்சிகள் பரப்பும். இலை சிறுத்து, பூ, காய் நின்னு, ரெண்டு மூணு வருஷத்தில் மரம் காலி. மருந்து? இன்றுவரை கிடையாது!

அப்புறம் காடு எப்படி மீளும்? பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், கடன் வாங்கித்தான்! பழம் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பும். முளைத்த கன்று, பக்கத்துச் செடியின் வேரைத் துளைத்துத் தண்ணீரும் சத்தும் கைமாத்து வாங்கும். வைரம் பாயப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும்.

ஆக, சந்தனம் வேணும்னா, சும்மா நிற்கிற புதரையும் காப்பாத்தணும் சார். கொடுக்க ஆளில்லாத ஊரில் யாருக்குக் கைமாத்து கிடைக்கும்?