ஊளைக்கு மறு ஊளை

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், 1895ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டாலிகஞ்ச் கிளப்பின் மரத்தோப்புகளில் நரிகள் இன்றும் வாழ்ந்து வருகின்றன. பொழுது சாய்ந்ததும் ஒரு நரி நீண்ட ஊளை ஒன்றை எழுப்பும். ஒவ்வொரு முறையும் சுருதி சற்று உயர, மூன்று நான்கு முறை அந்த ஊளை எழும். பின்னர் குறுங்குரைப்புகளாகச் சிதறி முடியும். அது முடியுமுன்னரே மற்றொரு புதரிலிருந்து மறு ஊளை கேட்கும்.

வங்காள மக்கள் இக்குரலை நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளனர். யாமந்தோறும் கூவி இரவின் காலத்தை அறிவிப்பது என்னும் பொருளில் நரிக்கு ‘யாமகோஷ்’ என்று பெயரிட்டனர். எல்லா நரிகளுக்கும் ஒரே குரல் என்பது அவர்களுடைய பழமொழி. நகரின் பெரிய ரயில் நிலையமான சியால்டாவின் பெயரும் நரியைக் குறிக்கும் ‘சியால்’ என்ற சொல்லிலிருந்தே வந்தது என்று பலர் கருதுகின்றனர்.

நரி ஏன் பதில் தருகிறது?

கேனிஸ் ஆரியஸ் என்பது நம் நாட்டு நரியின் விஞ்ஞானப் பெயர். எடை சுமார் 8 முதல் 11 கிலோகிராம். எலி, தவளை, மீன், பழம், செத்த பிராணிகளின் இறைச்சி, குப்பையில் கிடக்கும் எச்சம் ஆகிய அனைத்தும் அதற்கு உணவாகும். ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழ்ந்து ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பைத் தமக்குரியதாகக் காத்து வருகின்றன. முந்தைய ஈற்றின் குட்டிகளிற் சில பெற்றோருடனேயே தங்கி, இளங்குட்டிகளை வளர்க்க உதவுவதும் உண்டு.

இத்தகைய வாழ்க்கைக்கு ஊளை இன்றியமையாதது. சிதறி இரைதேடும் குடும்பத்தினரை அது ஒன்றுசேர்க்கிறது. அயல் குடும்பத்துக்கு, இவ்விடம் எமக்குரியது என்று எல்லையை அறிவிக்கிறது. எனவே, தன் எல்லைக்குள் வேற்றுக்குரல் கேட்டால் நரி வாளாவிருப்பதில்லை. பதில் ஊளையிடும், அல்லது குரல் வந்த திசையை நோக்கி நேரே வரும்.

குரலால் விரித்த வலை

இந்த இயல்பை வேடர்கள் நன்கு அறிந்திருந்தனர். தமிழ்நாட்டில் நரிக்குறவர் எனவும் குருவிக்காரர் எனவும் அழைக்கப்பெறும் மக்கள் இதில் தேர்ந்தவர்கள். புதரோரத்தில் வலையை நிறுத்தி, ஒருவர் மறைந்திருந்து நரியைப் போலவே ஊளையிடுவார். அக்குரலை மெய்யென நம்பி ஓடிவரும் நரி வலையில் சிக்கும். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய நூலில் இவர்களுடைய நரி வேட்டை இடம்பெற்றுள்ளது.

ஆங்கிலேயரின் முறை வேறு. தம் நாட்டுச் சிவப்பு நரி இங்கு கிடைக்காமையால், அவர்கள் கல்கத்தாவிலும் உதகமண்டலத்திலும் வேட்டைநாய்களை ஏவி, குதிரை மீதமர்ந்து நம் நாட்டு நரியைத் துரத்தினர். நாய்கள் பின்பற்றியது மோப்பத்தை. நரிக்குறவர் பயன்படுத்தியதோ நரியின் மனப்பாங்கை.

வட அமெரிக்காவில் நரியின் இடத்தை வகிக்கும் கயோட்டி என்ற பிராணியையும் இவ்வாறே அழைத்து வேட்டையாடுகின்றனர். அதன் ஊளையையோ, அடிபட்ட முயலின் கதறலையோ ஊதுகுழலில் எழுப்பி அதனை அருகே வரவழைக்கின்றனர். ஆயினும் கயோட்டி அருகிவிடவில்லை. கண்டத்தின் பெரும்பகுதிக்கும் பரவி, சிகாகோ போன்ற பெருநகரங்களிலும் குடியேறியுள்ளது.

துப்பாக்கிக்குப் பதில் குறிப்பேடு

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நரி வேட்டை குற்றமாகும். எனினும், வேடர் கண்ட உத்தி அழியவில்லை. ஆராய்ச்சியாளரின் கைக்கு மாறியுள்ளது.

பதிவு செய்த ஊளையை, காற்றற்ற இரவில், குறித்த இடங்களிலிருந்து ஒலிபெருக்கி மூலம் ஒலிக்கச் செய்கின்றனர். பின்னர் சில நிமிடம் அமைதியாகக் காத்திருந்து, பதில் வரும் திசையைத் திசைகாட்டியால் குறிக்கின்றனர். இரண்டு இடங்களிலிருந்து குறித்த திசைக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே அக்குடும்பம் இருக்கும் இடம். வங்காளதேசத்தில் இவ்வாறு நடைபெற்ற ஆராய்ச்சி ஒன்று 1996இல் வெளியாயிற்று. பருவத்துக்கேற்ப நரிகள் ஊளையிட்டு விடையளிப்பதும் நேரில் எதிர்கொள்ள வருவதும் மாறுபடுகின்றன என்பதை அது ஆராய்ந்தது. ஐரோப்பாவில் கிரீஸ் முதலிய நாடுகளிலும் நரிக் குடும்பங்களைக் கணக்கிட இம்முறை பயன்பட்டுள்ளது.

இதற்குச் சில வரம்புகள் உண்டு. சொந்த எல்லை இல்லாத தனி நரி பெரும்பாலும் வாய் திறவாது. ஆகவே, மௌனத்தைக் கொண்டு நரியே இல்லை என்று முடிவு செய்யலாகாது. ஒரு கூட்டம் சேர்ந்து ஊளையிடும்பொழுது எத்தனை தலைகள் என்று எண்ணுவதும் அரிது. நகரத்திலோ தெருநாய்களும் உடன் குரைக்கும். அடிக்கடி ஒலிபரப்பினால் நரிகள் வீணே அலைக்கழிக்கப்படும் என்பதையும் மறத்தலாகாது.

சதுப்பு நிலத்தின் குரல்

கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் ஏரிகளும் மீன்பண்ணைகளும் வயல்களும் விரிந்துள்ளன. நகரின் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கும் இப்பகுதி, 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் உடையதாக அறிவிக்கப்பட்டது. இதன் கரைகளிலும் நாணற்புதர்களிலும் நரிகள் வளை தோண்டி வாழ்கின்றன. எலிகளைத் தின்று, செத்த பிராணிகளை அகற்றி, அவை மனிதனுக்கு ஊதியமின்றிப் பணிபுரிகின்றன. வெறிநாய்க்கடி நோய் நரிகளையும் தொற்றக்கூடும் என்பதால், சுற்றுப்புற நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது இரு சாராரையும் காக்கும்.

இன்று இந்நரிகளை அச்சுறுத்துவது வலையோ வேட்டைநாயோ அன்று. ஏரி தூர்ந்து கட்டடம் எழுவதேயாகும். அழைத்தவருக்கெல்லாம் விடை கூறுவது நரியின் இயல்பு. அவ்வியல்பு அன்று அதன் உயிரைப் பறித்தது. இன்று, அது எங்கெங்கு எஞ்சியுள்ளது என்பதை நமக்கு அறிவிக்கிறது. ஆண்டுதோறும் அதே இடங்களில் நின்று கேட்டுக் குறித்து வந்தால், எந்தக் கரையில் ஊளை குறைகிறது என்பதை உரிய காலத்தில் அறியலாம். குரல் முற்றிலும் அடங்கிய பின்னர் எடுக்கும் கணக்கினால் யாதொரு பயனும் இல்லை.