அம்பாசிடரும் ஹைப்ரிட் காரும்

பெங்களூர் விவேக் நகரில் வியாழக்கிழமைகளில் கார் ஓட்டுதல் பொறுமையைச் சோதிக்கும் செயலாகும். குழந்தை இயேசு ஆலயத்தை நோக்கி வரும் மக்கள் திரளுக்கிடையே வண்டி சிறிது நகர்வதும் நிற்பதுமாக இருக்கும். ஓட்டுபவருக்கு இது தொல்லை. பௌதிக ஆசிரியருக்கோ நல்லதொரு பாடம். நாட்டில் நெடுங்காலம் வழங்கிவந்த கார் வகையை விடுத்து ஜப்பானிய முறை ஹைப்ரிட் காருக்கு மாற எண்ணுவோர், விலைப்பட்டியலைப் புரட்டுமுன் அப்பாடத்தை அறிந்துகொள்ளுதல் நலம்.

பயணிகளோடு சேர்த்து 1,500 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க, அதன் இயக்க ஆற்றல் 75,000 ஜூல் எனக் கிடைக்கும். பிரேக்கை அழுத்தி நிறுத்தியதும் இவ்வளவும் வெப்பமாகிக் காற்றோடு போய்விடுகிறது. எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே சக்கரத்திற்கு அளிக்கும் எஞ்சின், மீண்டும் அவ்வேகத்தை எட்ட 3,00,000 ஜூல் செலவிட வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருப்பது சுமார் 3.2 கோடி ஜூல். ஆகவே, ஒரு முறை நின்று புறப்படுவதற்கு ஏறத்தாழ 9 மில்லிலிட்டர் பெட்ரோல் தேவை. நூறு முறை நின்றால் ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவு! நிற்கும்போது எஞ்சின் வீணே சுழல்வதால் ஆகும் செலவு இதனின் வேறு.

இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்பதே ஹைப்ரிட் காரின் வேலை. கலப்பினச் சோளம், கலப்பினக் கம்பு ஆகியவற்றின் வாயிலாக இச்சொல்லை வயற்பணியாளர் நன்கறிவர். இங்கே கலப்பது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஆகும். பிரேக்கை மெல்ல அழுத்தும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, இயக்க ஆற்றலை மின்சாரமாக்கிப் பாட்டரியில் சேர்க்கிறது. புறப்படும்போது அம்மின்சாரம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நிற்கையில் எஞ்சின் அணைந்துவிடுகிறது. திடீரென்று பிரேக்கை மிதிப்பவருக்கு இந்த ஆதாயம் குறையும். அத்தனை ஆற்றலையும் பாட்டரியால் கணத்தில் விழுங்க இயலாதாகையால், எஞ்சியது பழையபடி வெப்பமாகவே போகும்.

டொயோட்டா நிறுவனம் 1997இல் ஜப்பானில் வெளியிட்ட பிரியஸ் காரில், எஞ்சினையும் இரு மின்பொறிகளையும் இணைத்தது ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவிலுள்ள சூரியச் சக்கரத்தில் ஒரு மின்பொறி, அதைச் சுற்றும் கோள் சக்கரங்களின் தாங்கியில் எஞ்சின், வெளி வளையத்தில் மற்றொரு மின்பொறியும் வண்டிச் சக்கரங்களும். கியர் மாற்றும் வேலையே இதில் இல்லை. அட்டையில் மூன்று பற்சக்கரங்களை வெட்டி வகுப்பில் சுழற்றிக் காட்டினால், பல பக்க விளக்கத்தைவிட அது எளிதில் விளங்கும்.

இனி, உள்நாட்டுக் கார் எது, அயல்நாட்டுக் கார் எது என்னும் வினா. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர், 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 மே மாதம் வரை வெளிவந்தது. அமைச்சர் முதல் வாடகைக்கார் ஓட்டுநர் வரை அதனைத் தம்முடையதாகவே கருதினர். ஆயினும் அதன் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரேயாம். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரும் ஜப்பானிய சுசுகியின் வடிவத்தைத் தழுவியதே. இன்றோ நிலைமை இன்னும் விந்தையானது. மாருதி சுசுகியின் கிராண்ட் விட்டாரா, 2022 முதல் பெங்களூருக்குத் தென்மேற்கே பிடதியிலுள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையில் உருவாகிறது. அதன் ஹைப்ரிட் வகையில் இருப்பது டொயோட்டாவின் பொறியமைப்பு. விவேக் நகர்வாசி 'அயல்நாட்டு' ஹைப்ரிட் வாங்கினால், அது மைசூர்ச் சாலையிலிருந்தே வந்து சேரலாம்.

ஒரு சுவையான ஒற்றுமையும் உண்டு. அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்த பெட்ரோல் எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர். கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடின் எஞ்சின் 1,490. கொள்ளளவில் மாற்றம் இல்லை. எரிபொருளைப் பயன்படுத்தும் விதத்தில்தான் அரை நூற்றாண்டு வளர்ச்சி தெரிகிறது. புதியது அட்கின்சன் சுழற்சியில் இயங்குவது. வாயு அழுத்தப்படுவதைவிட மிகுதியாக விரிய இடம் தருவதால், வெப்பம் வீணாவது குறைகிறது. குறைந்த வேகத்தில் இதற்கு இழுவிசை போதாது. அக்குறையை மோட்டார் நிரப்புகிறது.

செலவுக் கணக்குத்தான் குடும்பங்களைத் தயங்கவைக்கிறது. அரசு அங்கீகரித்த சோதனையில் கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் தந்தது. அதே காரின் சாதாரண பெட்ரோல் வகை 21.11 தந்தது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் சுமார் 139 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றும், இரு வகைகளின் விலை வேறுபாடு 3 லட்சம் ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், முதல் திரும்ப 21 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓடும் வாடகைக்காருக்கோ ஆறரை ஆண்டு போதும். நெரிசலில் சாதாரணக் காரின் நிலை சோதனை எண்ணைவிட மிகவும் தாழ்வதால், நகருக்குள்ளேயே உழல்பவருக்கு இக்காலம் மேலும் சுருங்கும். ஓசூர்ச் சாலையில் நிற்காமல் விரைபவருக்கு ஆதாயம் சொற்பமே. வரியும் துணைபுரிவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மின்கார்களுக்கு 5 விழுக்காடு சரக்கு-சேவை வரி. இத்தகைய பெரிய ஹைப்ரிடுகளுக்கோ 40 விழுக்காடு.

மற்றொரு தயக்கம் பழுதுபார்ப்பதைப் பற்றியது. அம்பாசிடரை மரத்தடியில் சில ஸ்பானர்களோடு பிரித்துக் கோத்துவிட்டனர் நம் மெக்கானிக்குகள். ஹைப்ரிடின் பாட்டரியில் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட். டொயோட்டா தன் ஹைப்ரிட் பாட்டரிக்கு இந்தியாவில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் அளிக்கிறது. பழைய காராக வாங்குபவர், அதில் எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை இடப்பட்டிருக்கும். எஞ்சின் ஓசையின்றி இருப்பதால் வண்டி அணைந்துவிட்டதாக எண்ணி அக்கம்பிகளில் கைவைத்தலாகாது. விபத்தில் சிதைந்த வண்டியிலும், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலும் இது இரட்டிப்பு எச்சரிக்கைக்குரியது.