அறுபது ஆண்டு வாடிக்கை

1960-களின் தொடக்கத்தில் ஓர் அலுவலகம் புதுக் கணினி வாங்கினால், பழைய நிரல்களைத் தூக்கிப்போட வேண்டியதுதான். சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, காப்பீட்டுத் தவணை என்று வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்தது எதுவும் புது இயந்திரத்துக்குப் புரியாது. அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்திடமே சிறிய கணினியிலிருந்து பெரியதற்குப் போனாலும் இதே கதிதான். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல கணினி வரிசைகளை அந்த ஒரே நிறுவனம் விற்றுக்கொண்டிருந்தது.

வாடிக்கையாளருக்குத் தலைவலி என்றால், ஐபிஎம்முக்கு அது ஆபத்து. எப்படியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்றால், போட்டி நிறுவனத்தையும் விசாரித்துப் பார்க்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் சரியாக அங்கேதான் கை வைத்தது. ஐபிஎம்மின் 1401, பத்தாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட கணினி. ஹனிவெல் தன்னுடைய 200 என்ற கணினியுடன் ‘லிபரேட்டர்’ என்ற மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்தது. 1401-க்காக எழுதிய நிரல்களைப் புதுக் கணினியில் ஓடவைப்பது அதன் வேலை. ஆர்டர்கள் குவிந்தன. ஐபிஎம்மின் நிரந்தர வாடிக்கையாளர்கள் என்று கருதப்பட்டவர்கள் பற்று வைத்திருந்தது தங்கள் நிரல்களின் மீது என்பது அப்போது வெட்டவெளிச்சமானது.

ஒரு மொழி, ஆறு கணினிகள்

ஐபிஎம்மின் பதில் 1964 ஏப்ரல் 7 அன்று வந்தது. சிஸ்டம்/360 என்ற பெயரில் ஆறு கணினிகளை ஒரே நாளில் அறிவித்தது. சிறியதற்கும் பெரியதற்கும் வேகத்தில் பல மடங்கு வித்தியாசம். ஆனால், ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதிலும் ஓடும். ஏறக்குறைய 500 கோடி டாலரை விழுங்கிய திட்டம் இது. ஃபார்ச்சூன் இதழ் இதைச் சூதாட்டம் என்றே வர்ணித்தது.

இது எப்படிச் சாத்தியமானது? ‘கூட்டு’, ‘ஒப்பிடு’, ‘நினைவகத்திலிருந்து எடு’ என்று ஒரு கணினிக்குப் புரியும் கட்டளைகளின் தொகுப்பு ஒரு பக்கம். அவற்றை நிறைவேற்றும் மின்சுற்றுகள் மறு பக்கம். ஜீன் அம்தால், ஃபிரெட் புரூக்ஸ், கெரிட் பிளாவ் ஆகியோரின் குழு இரண்டையும் பிரித்தது. குழம்பு வைக்கும் பக்குவம் ஒன்றுதான். விறகடுப்பில் வைப்பதா, கேஸ் அடுப்பில் வைப்பதா என்பது வீட்டுக்கு வீடு மாறலாம். விலை குறைந்த மாடல்களில் ஒவ்வொரு கட்டளையையும் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து நிறைவேற்ற ‘மைக்ரோகோட்’ என்ற உள்நிரல் இருந்தது. சில மாடல்களில் இதே உத்தியால் பழைய 1401-இன் கட்டளைகளையும் ஓடவைத்தார்கள். ஹனிவெல் பக்கம் போக நினைத்தவருக்கு இருந்த பெரிய காரணம் அதோடு அடிபட்டுப்போனது.

அறிவிப்பைவிட முக்கியம், அதற்குப் பிறகு கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய விதம். சிஸ்டம்/360-இன் நினைவக முகவரி 24 பிட் நீளம்; அதனால் 16 மெகாபைட்டைத்தான் எட்ட முடியும். 1980-களில் அது போதவில்லை. கணினியின் ‘சொல்’ 32 பிட் நீளம் என்பதால், முகவரியையும் 32 பிட்டாக்குவதுதான் இயல்பு. ஆனால், ஐபிஎம் 31 பிட்டோடு நின்றது. காரணம், முகவரிக்குத் தேவைப்படாமல் கிடந்த முதல் பிட்டைப் பழைய நிரல்கள், ஒரு பட்டியல் முடிந்துவிட்டது என்று காட்டும் அடையாளமாகப் பயன்படுத்திவந்தன. அந்த ஒரு பிட்டை எடுத்துக்கொண்டால், எங்கோ ஒரு வங்கியின் கணக்கு நிரல் முறிந்துவிடும். அதைத் தவிர்க்க, 4 ஜிபி கிடைக்க வேண்டிய இடத்தில் 2 ஜிபி போதும் என்று விட்டுக்கொடுத்தார்கள். 2000-இல் முகவரி 64 பிட்டாக வளர்ந்தபோதும் பழைய நிரல்களுக்கு இடம் இருந்தது.

விற்றவர் போன பின்னும்

வாடிக்கையாளரின் பற்று எதன் மீது என்பதற்கு இன்னொரு சோதனையும் நடந்தது. 360-ஐ வடிவமைத்த அம்தால் 1970-இல் வெளியேறி, தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். ஐபிஎம்முக்கு எழுதிய நிரல்களை அப்படியே ஓட்டும் கணினியை 1975-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நிரலை மாற்றாமலேயே கணினியை மட்டும் மாற்றலாம் என்றதும் கணிசமானவர்கள் அவரிடம் போனார்கள்.

இந்தியாவில் நடந்தது வேறு விதம். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இந்தியத் தொழிலில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள மறுத்த ஐபிஎம், 1978-இல் நாட்டைவிட்டே வெளியேறியது. அதன் கணினிகள் இங்கேயே இருந்தன. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான சிஎம்சி ஏற்றது. ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155, விற்றவர் போன பிறகும் ஆண்டுக்கணக்கில் மாணவர்களின் நிரல்களை ஓட்டிக்கொண்டிருந்தது.

பழக்கமா, நம்பிக்கையா?

ஒருவர் ஒரே நிறுவனத்திடம் நீடிக்கிறார் என்பதால் அவர் திருப்தியாக இருக்கிறார் என்று முடிவுகட்டிவிட முடியாது. 1988-இல் வில்லியம் சாமுவேல்சன், ரிச்சர்டு செக்ஹவுசர் ஆகிய பொருளியலாளர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுத் தேர்வுகளை ஆராய்ந்தார்கள். புதிய திட்டங்கள் வந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவற்றை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஏற்கெனவே இருந்தவர்களோ பெரும்பாலும் பழைய திட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். பழையது சிறந்தது என்றால் புதியவர்களும் அதையல்லவா எடுத்திருக்க வேண்டும்! இருப்பது இருக்கட்டும் என்ற மனப்போக்குக்கு அவர்கள் ‘நடப்புநிலைச் சார்பு’ என்று பெயரிட்டார்கள்.

தொழில்நுட்ப நிறுவனங்கள் இந்தச் சோம்பலைத் தங்கள் மீதான அன்பு என்று கணக்கில் எழுதிக்கொள்வது உண்டு. மாறுவதற்கான செலவைக் கூட்டினால் அந்தக் கணக்கு இன்னும் அழகாகத் தெரியும். நம் ஊரில் செல்போன் எண்ணே ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பூட்டுதான். எண்ணை மாற்றினால் சொந்தபந்தம் முதல் வங்கிவரை அத்தனை பேருக்கும் சொல்லித் தீர வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டாலும் பொறுத்துக்கொண்டவர்கள் ஏராளம். 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்தது. யார் விரும்பி இருக்கிறார்கள், யார் வேறு வழியில்லாமல் இருக்கிறார்கள் என்பது அதன் பிறகுதான் நிறுவனங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஐபிஎம்மின் கதையில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. 1969 ஜனவரியில் அமெரிக்க அரசு அதன்மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. 1982-வரை அது இழுத்தது. கணினியோடு சேர்த்தே கொடுத்துவந்த மென்பொருளுக்குத் தனி விலை வைத்து, மற்றவர்களும் மென்பொருள் விற்க ஐபிஎம் வழிவிட்டதும் 1969-இல்தான். 1991-இல் ஸ்டூவர்ட் அல்சாப் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர், 360 போன்ற பெருங்கணினிகளில், அதாவது மெயின்ஃப்ரேம்களில், கடைசியானது 1996 மார்ச் 15 அன்று அணைக்கப்படும் என்று நாள் குறித்தார். 1993-இல் ஐபிஎம் சுமார் 800 கோடி டாலர் நட்டத்தில் விழுந்தபோது பலர் அதை நம்பினார்கள். புதிதாகத் தலைமைப் பொறுப்பேற்ற லூ கெர்ஸ்ட்னர் மெயின்ஃப்ரேம் விலையைக் குறைத்தார். ‘சிமாஸ்’ (CMOS) என்ற மலிவான வகைச் சில்லுகளுக்கு இயந்திரங்கள் மாறின. நிரல்கள் மாறாமல் ஓடின. உலகின் பெரிய வங்கிகள் பலவற்றில் அந்த வரிசையின் வாரிசுகள் இன்றும் வேலை செய்கின்றன.

புது வாடிக்கையாளருக்குத் தரும் தள்ளுபடியை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோட முடியாது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பத்தாண்டுக்கு முன் வாங்கியவரின் கோப்பு இன்றும் திறக்கிறதா? திறந்ததை எடுத்துக்கொண்டு வேறிடம் போக விடுகிறார்களா? முதல் கேள்வியில் ஐபிஎம் தாராளமாகத் தேறியது. இரண்டாவதில் போட்டியும் வழக்கும் வந்த பிறகே இறங்கிவந்தது. நம் படங்களும் கணக்குகளும் கடிதங்களும் யாரோ ஒருவரின் கணினியில் குவிந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில், இரண்டாவது கேள்வியை முதலில் கேட்பது நல்லது. போக விட்டும் ஒருவர் போகவில்லை என்றால்தான் அந்த வாடிக்கையை நிறுவனம் சம்பாதித்திருக்கிறது.