மிக்ஸியும் ஓர் ஒலிபரப்பு நிலையம்தான்!

மாலை நேரம். தாத்தா டிரான்சிஸ்டர் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார். சமையலறையில் அம்மா சட்னி அரைக்க மிக்ஸியைப் போடுகிறார். உடனே ரேடியோவில் "கர்ர்ர்..." என்று ஓர் இரைச்சல்! செய்தி வாசிப்பவரின் குரல் அதில் மூழ்கிப் போகிறது. மிக்ஸி நின்றதும் குரல் மறுபடியும் தெளிவாக வருகிறது. "இது பழசாகிவிட்டது" என்று சொல்லி, தாத்தா ரேடியோவின் தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறார்.

பாவம், ரேடியோ! அது எந்தக் குற்றமும் செய்யவில்லை. தன்னை வந்தடையும் வானொலி அலைகளை ஒலியாக மாற்றித் தருவதுதானே அதன் வேலை? அந்த வேலையை அது சரியாகத்தான் செய்தது. அப்போது அதற்கு இரண்டு இடங்களிலிருந்து அலைகள் வந்தன. ஒன்று, பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வானொலி நிலையம். இன்னொன்று, பத்தடி தூரத்தில் உள்ள உங்கள் வீட்டு மிக்ஸி!

மிக்ஸி எப்படி ஒலிபரப்பும் என்று கேட்கிறீர்களா? வாருங்கள், பார்ப்போம்.

பொறியில் பிறந்த அலை

1887 ஆம் ஆண்டு. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ என்ற நகரில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியல் பேராசிரியர் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். இரண்டு உலோகக் குமிழ்களைச் சிறிது இடைவெளி விட்டு வைத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்து, அவற்றுக்கிடையே மின்பொறி பறக்கச் செய்தார். சற்றுத் தள்ளி ஒரு கம்பி வளையம் இருந்தது. அந்த வளையத்திலும் மயிரிழை போல ஓர் இடைவெளி. குமிழ்களிடையே பொறி பறந்தபோதெல்லாம், அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத வளையத்திலும் ஒரு நுண்ணிய பொறி தோன்றியது!

பொறியிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, வெட்டவெளியைக் கடந்து வளையத்துக்கு வந்திருக்கிறது. அதுதான் மின்காந்த அலை. இப்படியோர் அலை இருக்கவேண்டும் என்று மாக்ஸ்வெல் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். ஹெர்ட்ஸ் அதை உண்டாக்கியே காட்டிவிட்டார். 1895 இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இத்தகைய அலைகளைக் கொண்டு, தொலைவிலிருந்த மணியை அடிக்கச் செய்து காட்டினார். 1901 இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பியதும் பொறியால் இயங்கும் கருவியைக் கொண்டுதான்.

இப்போது மிக்ஸிக்கு வருவோம். அதன் மோட்டாரில் சுழலும் பகுதிக்கு மின்சாரம் எப்படிப் போகிறது? சுழலும் தண்டில் செம்புப் பட்டைகள் பதித்த ஓர் உருளை உண்டு. இதைக் காமுடேட்டர் என்பார்கள். இரண்டு கரித்துண்டுகள் அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும். உருளை சுழலும்போது கரித்துண்டு ஒரு பட்டையை விட்டு அடுத்த பட்டைக்கு மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு மின்னோட்டம் அறுபடுகிறது. அங்கே ஒரு சிறு பொறி பறக்கிறது. மோட்டார் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுற்றுகிறது என்றால், எத்தனை பொறிகள் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஹெர்ட்ஸ் செய்த சோதனையைத்தான் அம்மா தினமும் சமையலறையில் செய்கிறார்!

புல்லாங்குழலும் எவர்சில்வர் தட்டும்

ரேடியோவில் எந்த நிலையத்துக்குத் திருப்பினாலும் மிக்ஸியின் இரைச்சல் வருகிறதே, அது ஏன்?

புல்லாங்குழலில் ஒரு துளையை மூடி ஊதினால் ஒரு சுரம் மட்டும் கேட்கும். எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் விழுந்தால்? பல அதிர்வெண்கள் ஒரே சமயத்தில் கலந்து "டணார்" என்று எழும். வானொலி நிலையம் புல்லாங்குழலைப் போன்றது. தனக்கென ஒதுக்கிய அதிர்வெண்ணில் மட்டும் அலை அனுப்பும். பொறியோ விழுந்த தட்டைப் போன்றது. மின்னோட்டம் எவ்வளவு திடீரென மாறுகிறதோ, அவ்வளவு அகலமான அதிர்வெண் பரப்பில் அலைகள் சிதறுகின்றன. ஏறத்தாழ 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள மத்திய அலைப் பகுதி முழுவதிலும் அவை புகுந்துவிடும்.

அதே ரேடியோவைப் பண்பலைக்கு மாற்றிப் பாருங்கள். இரைச்சல் வெகுவாகக் குறைந்திருக்கும். மத்திய அலையில், பேச்சும் பாட்டும் அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்பப்படுகின்றன. பொறியும் அந்த உயரத்தைத்தான் கெடுக்கிறது. பண்பலையிலோ செய்தி அலையின் அதிர்வெண் மாற்றத்தில் இருக்கிறது. உயரம் கூடினாலும் குறைந்தாலும் ரேடியோ அதை வெட்டிச் சமன் செய்துவிடும். இந்த முறைக்கு 1933 இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங்கின் நோக்கமே இரைச்சலை ஒழிப்பதுதான்.

பொறியே இல்லாமலும் குறுக்கீடு உண்டாகும். மின்விசிறியின் மின்னணு ரெகுலேட்டர், மின்சாரத்தின் ஒவ்வோர் அலையிலும் ஒரு பகுதியை வெட்டி எடுக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 100 முறை இந்த வெட்டு நடக்கிறது. எல்.ஈ.டி. விளக்கிலும் கைப்பேசிச் சார்ஜரிலும் உள்ள சுற்றுகள் நொடிக்குப் பல பத்தாயிரம் முறை திறந்து மூடுகின்றன. இவையெல்லாம் சத்தமின்றி ஒலிபரப்பும் நிலையங்கள்!

ஓர் ஊரையே தவிக்கவிட்ட பெட்டி

"ரேடியோ கொஞ்சம் இரைந்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்று நினைக்கவேண்டாம். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் நடந்ததைக் கேளுங்கள்.

அபர்ஹோசன் என்பது மலைப்பாங்கான ஒரு சிற்றூர். அங்கே தினமும் காலை 7 மணியானால் இணைய இணைப்பு அறுந்து அறுந்து வேகம் குறையும். ஒருநாள் இருநாள் அல்ல, 18 மாதம் இப்படி! பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். கம்பிகளில் பெரும்பகுதியை மாற்றியும் பார்த்தார்கள். பலனில்லை. கடைசியில், அலைகளின் அதிர்வெண்களைத் திரையில் காட்டும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, கொட்டும் மழையில் காலை 6 மணிக்கே ஊரைச் சுற்றத் தொடங்கினார்கள். சரியாக 7 மணிக்கு ஒரு பெரிய இரைச்சல் கிளம்பியது! அதைத் தொடர்ந்துபோனால், ஒரு வீட்டில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி! அந்த வீட்டார் தினமும் 7 மணிக்கு அதைப் போடுவது வழக்கம். அதன் இரைச்சல் தொலைபேசிக் கம்பிகளில் ஏறி, அவற்றின் வழியே வந்த இணையத்தைக் கெடுத்திருக்கிறது. விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் மிகவும் வெட்கப்பட்டுப் போனார். இனி அதைப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். தொல்லையும் அன்றோடு தீர்ந்தது. இது 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி.

விஞ்ஞானிகளையே ஏமாற்றிய அடுப்பும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் என்ற இடத்தில் 64 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 1998 முதல் அதில் சில விசித்திரமான துடிப்புகள் பதிவாகிவந்தன. விண்வெளியிலிருந்து வருபவை போலவே அவை தோன்றின. இதனால் வேறொரு சிக்கலும் வந்தது. தொலைதூர விண்வெளியிலிருந்து வருவதாக 2007 இல் அறிவிக்கப்பட்ட "வேக வானொலி வெடிப்பு" என்பதும் உண்மையா, இதைப் போன்ற மயக்கமா என்று பலர் ஐயப்பட்டார்கள்.

ஆனால் இந்தத் துடிப்புகளிடம் ஒரு வேடிக்கையான வழக்கம் இருந்தது. பெரும்பாலும் அலுவலக நேரத்திலேயே அவை வந்தன! வானத்துக்கு ஏது அலுவலக நேரம்? 2015 இல் மர்மம் விடுபட்டது. அங்கே வேலை செய்தவர்கள் மைக்ரோவேவ் அடுப்பில் உணவைச் சூடாக்கும்போது, அது தானாக நிற்கும் முன்பே கதவைத் திறந்திருக்கிறார்கள். அந்தக் கணத்தில் வெளியேறிய சிறு அலைத் துணுக்கைத்தான் தொலைநோக்கி பிடித்திருக்கிறது. அடுப்பின் குற்றம் தெளிவானதும், 2007 இல் அறிவிக்கப்பட்ட வெடிப்பின்மேல் விழுந்த சந்தேகமும் நீங்கியது.

நீங்களும் துப்பறியலாம்

இந்த இரண்டு கதைகளிலும் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது எது? கடிகாரம்! இரைச்சல் எப்போது வருகிறது என்று கவனித்தால், எங்கிருந்து வருகிறது என்பது பாதி விளங்கிவிடும்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். பேட்டரியில் ஓடும் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். மத்திய அலையில், எந்த நிலையமும் இல்லாத இடத்துக்கு முள்ளைத் திருப்புங்கள். எல்.ஈ.டி. விளக்கு, சார்ஜர், ரெகுலேட்டர், தொலைக்காட்சி என ஒவ்வொன்றின் அருகிலும் ரேடியோவைக் கொண்டுபோங்கள். கருவியை நிறுத்தியும் போட்டும் வித்தியாசத்தைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக்குரல் உண்டு! ஒரு குறிப்பேட்டில் கருவியின் பெயர், இரைச்சலின் தன்மை, அது எத்தனை அடி வரை கேட்கிறது, நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

பிறகு ரேடியோவைப் படுக்கைவாட்டில் மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் இரைச்சல் மிகவும் குறையும். ரேடியோவுக்குள் ஃபெரைட் என்ற கருநிறப் பொருளாலான ஏரியல் தண்டு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதன் முனை இரைச்சல் வரும் திசையை நோக்கும்போதுதான் இப்படிக் குறைகிறது. இதே சோதனையை வேறோர் இடத்திலிருந்தும் செய்யுங்கள். இரண்டு திசைக்கோடுகளும் சந்திக்கும் இடத்துக்கு அருகே குற்றவாளி இருப்பான்.

இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. கருவி எதுவும் ஓடாதபோதும் ஒரு சுவிட்சுப் பலகைக்கு அருகே "பட்பட்" என்ற இரைச்சல் கேட்டாலோ, விளக்கும் கூடவே மினுக்கினாலோ அலட்சியம் செய்யாதீர்கள். உள்ளே ஏதோ ஒரு கம்பி தளர்ந்து பொறி பறந்துகொண்டிருக்கலாம். அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். உடனே பெரியவர்களிடம் சொல்லி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் செய்யுங்கள். நீங்களாக எதையும் திறக்கக்கூடாது. மைக்ரோவேவ் அடுப்பு, பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றுக்குள், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

மருந்து என்ன?

இரைச்சல் இரண்டு வழிகளில் பரவுகிறது: காற்றுவெளி ஒன்று, வீட்டு மின்கம்பி மற்றொன்று. ரேடியோவை மின்சாரத்தில் ஓட்டும்போது இரைந்து, பேட்டரியில் ஓட்டும்போது அமைதியானால், தொல்லை கம்பி வழியே வந்தது என்று கொள்ளலாம். காற்றுவெளியில் வந்தால், ரேடியோவைத் தள்ளி வைப்பதே எளிய மருந்து. தூரம் கூடக்கூட இரைச்சல் விரைவாகத் தேய்ந்துவிடும்.

நோய் தொடங்கும் இடத்திலேயே மருந்து கொடுப்பது இன்னும் நல்லது. அதனால்தான் பல மோட்டார்களுக்குள் ஒரு மின்தேக்கியை வைக்கிறார்கள். இரைச்சலின் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை அது குறுக்குவழியில் திருப்பிவிடும். கணினியோடு இணைக்கும் சில கம்பிகளின் நுனியருகே உருண்டையாக ஒரு வீக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வைத்ததல்ல. அதற்குள்ளும் ஃபெரைட்தான் இருக்கிறது. உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுத்து, வெப்பமாக மாற்றிவிடுகிறது. செலவைக் குறைக்க இத்தகைய வடிகட்டிகளை விட்டுவிட்டுச் செய்யும் விளக்குகளும் சார்ஜர்களும்தான் அதிகம் இரைகின்றன. ஒரு கருவி எவ்வளவு இரைச்சல் வெளியிடலாம் என்று வரம்பு வகுப்பதற்கென்றே 1934 இல் ஒரு சர்வதேசக் குழு அமைக்கப்பட்டது.

வானத்திலிருந்து ஓர் இரைச்சல்

அந்தக் குழு தோன்றுவதற்குச் சற்று முன்பு, அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளர் இரைச்சலைத் துரத்திக்கொண்டிருந்தார். கடல் கடந்த தொலைபேசிப் பேச்சில் குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. சக்கரங்களின்மேல் சுழலும் பெரிய ஏரியல் ஒன்றைக் கட்டிக் கேட்டார். அருகில் இடிக்கும் இடியின் இரைச்சலும் தொலைவில் இடிக்கும் இடியின் இரைச்சலும் புரிந்தன. மூன்றாவதாக, "உஸ்ஸ்" என்று மெல்லிய ஓசை ஒன்று மட்டும் புரியவில்லை.

ஜான்ஸ்கியும் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த ஓசை 24 மணிக்கு ஒருமுறை உச்சத்துக்கு வரவில்லை. 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. நட்சத்திரங்கள் வானத்தில் அதே இடத்துக்குத் திரும்பிவர எடுக்கும் நேரம் அதுதான்! ஆகவே ஓசை பூமியைச் சேர்ந்ததல்ல, சூரியனைச் சேர்ந்ததும் அல்ல. நமது பால்வெளி மண்டலத்தின் மையத்தை நோக்கிய திசையிலிருந்து அது வந்தது. 1933 இல் அவர் இதை அறிவித்தார். வானொலி வானியல் என்ற புதிய துறை அப்படித்தான் பிறந்தது. விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளின் வலிமையை அளக்கும் அலகுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

நான்கு நிமிட வித்தியாசம்தான்! அதைக் குறித்துவைக்காமல் விட்டிருந்தால்?

ஆகவே, அடுத்தமுறை ரேடியோ கரகரத்தால் அதன் தலையில் தட்டவேண்டாம் என்று தாத்தாவிடம் சொல்லுங்கள். குறிப்பேட்டை எடுங்கள். மணி என்ன என்று பாருங்கள்.