98 பெரிசா, 102 பெரிசா? பெரிய மார்க்கெட் விலைப்பலகையில் குழந்தைக்கு ஒரு கணக்குப் பாடம்

புதுச்சேரியில் குபேர் அங்காடி எங்கேன்னு கேட்டா பலர் ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. பெரிய மார்க்கெட்னு கேட்டா உடனே கை காட்டுவாங்க. எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் சரி, ஒண்ணாம், ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எண்களை ஒப்பிடச் சொல்லித்தர அங்கே இருக்கிற காய்கறி விலைப்பலகை போதும்.

எதுவரை தெரிஞ்சிருக்கணும்?

மத்திய அரசு 2021 ஜூலை 5-ல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்குப்படி, ஒண்ணாம் வகுப்பு முடிக்கும்போது 99 வரையும், ரெண்டாம் வகுப்பில் 999 வரையும், மூணாம் வகுப்பில் 9,999 வரையும் எண்களைப் படிக்க, எழுதத் தெரியணும். வரிசையா ஒப்பிப்பது வேறு, எது பெரிசுன்னு சொல்வது வேறு. பல பிள்ளைகள் ரெண்டாவதில்தான் சறுக்குறாங்க.

ஏன் குழம்புது?

98-ல் 9, 8-னு பெரிய இலக்கங்கள். 102-ல் இருப்பது 1, 0, 2. அதனால 98 பெரிசுன்னு பிள்ளை சொல்லிடும். நம்ம மொழியும் கொஞ்சம் விளையாடுது. 'தொண்ணூறு' என்ற சொல்லுக்குள்ளே 'நூறு' இருக்கு. 'தொள்ளாயிர'த்துக்குள்ளே 'ஆயிரம்' இருக்கு. பழந்தமிழில் ஒன்பதுக்கு 'தொண்டு' என்றும் பெயர் உண்டு என்பது பெரியவங்களுக்குச் சுவாரசியம். காதால் கேட்கும் ஆறு வயசுக்கு அது குழப்பம்தான். (பிரெஞ்சு படிக்கிற பிள்ளை பாடு இன்னும் மோசம். அங்கே 90 என்றால் 'நாலு இருபது பத்து'!)

எப்படிச் சொல்லித்தரலாம்?

முதல்ல எத்தனை இலக்கம்னு எண்ணச் சொல்லுங்க. மூணு இலக்க எண் எப்பவும் ரெண்டு இலக்க எண்ணைவிடப் பெரிசு. இலக்கங்களின் எண்ணிக்கை சமமா இருந்தா, இடது பக்கத்திலிருந்து பார்க்கணும். 105, 120 ரெண்டிலும் நூறு ஒண்ணுதான். அடுத்து பத்துகள்: 105-ல் பூஜ்ஜியம், 120-ல் ரெண்டு. அங்கேயே முடிவு தெரிஞ்சிடுச்சு. கடைசியில் இருக்கிற 5-ஐப் பார்க்கவே வேண்டாம்.

இப்போ பலகையில் கிலோ விலை 54, 120, 45, 105-னு இருக்குன்னு வைச்சுக்கோங்க. ஏறுவரிசையில் 45, 54, 105, 120. இறங்குவரிசைக்கு அதையே திருப்பிப் போட்டா போதும். 45-ம் 54-ம் ஒரே இலக்கங்கள்தானே, ஏன் சமமில்லைன்னு பிள்ளையையே கேளுங்க. இடமதிப்புப் பாடம் முழுக்க அந்தக் கேள்விக்குள்ளே இருக்கு.

பர்ஸில் ஒரு விளையாட்டு

மகாத்மா காந்தி புதிய வரிசை நோட்டுகளில் மதிப்பு கூடக்கூட நீளமும் கூடும். 10 ரூபாய் 123 மில்லிமீட்டர், 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. கலைச்சுக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்க. சரியான்னு நோட்டின் நீளமே காட்டிடும். பழைய 100 ரூபாய் நோட்டை மட்டும் எடுத்து வைச்சிடுங்க. அது இப்போதைய 500-ஐவிட நீளம்.

ஒரு எச்சரிக்கை

ஒரு கடையில் கால் கிலோ 30 ரூபாய், பக்கத்துக் கடையில் ஒரு கிலோ 100 ரூபாய். 30 சின்ன எண்தான், ஆனா அந்தக் கணக்கில் கிலோ 120 ஆகுது. அளவு ஒண்ணா இல்லாம எண்களை மட்டும் ஒப்பிட்டா பெரியவங்களே ஏமாறுவாங்க. சின்னப் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு கிலோ விலையை மட்டும் காட்டுங்க. கால், அரை எல்லாம் பெருக்கல் வந்தப்புறம் பார்த்துக்கலாம்.